ஸ்கொத்லாந்து பிரிந்தால் எஞ்சும் இராச்சியம் யாதாகும்?



ஒரு தேசிய இனம் தான் சேர்ந்திருந்த ஐக்கியத்தை விட்டு நீங்கித் தனியரசு அமைக்க விரும்பும்போது, உலகம் அவ்வினத்தை நோக்கியே கேள்விகளைத் தொடுக்கின்றது. உன் நாணயம் யாது? உன் எல்லையைக் காப்பவர் யார்? உன் பங்குக் கடனை எவ்வாறு அடைப்பாய்? இக்கேள்விகளுக்கு விடையளிக்க ஸ்கொத்லாந்து அரசாங்கம் 2013ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட பக்கங்களில் ஒரு வெள்ளை அறிக்கையை வெளியிட்டது. ஆனால், அவ்வினம் நீங்கிய பின் எஞ்சி நிற்கப்போகும் ஐக்கியத்தின் நிலை யாதாகும் என்பதற்கு இலண்டன் அரசாங்கம் எழுதிவைத்த திட்டம் என்ன? எதுவுமில்லை. பிரிவினைக்குச் சாதகமான தீர்ப்பை எதிர்பார்த்து எவ்வித ஆயத்தமும் செய்யப் போவதில்லை என்று அது வெளிப்படையாகவே கூறிவிட்டது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம், ஒருவரும் திட்டமிடாத அந்த எஞ்சிய பாதியைப் பற்றியதாகும்.

ஸ்கொத்லாந்தை ஏன் எடுத்துக்கொண்டேன் என நீங்கள் வினவலாம். அங்கு இவ்விடயம் துப்பாக்கியின்றி, சிறையின்றி, பகிரங்க மேடையிலே விவாதிக்கப்பட்டது என்பதே காரணம். நமது நாட்டில் 1983ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் நிறைவேறிய ஆறாவது திருத்தத்தின் பின்னர், தனியரசைத் தன் நோக்கமாக எழுதிவைக்கும் கட்சி சட்டத்தின் முன் நிற்க முடியாது. அங்கோ, ஐக்கியத்தினின்று நீங்குவதே தன் இலட்சியமென எழுதிவைத்த ஸ்கொத்லாந்துத் தேசியக் கட்சி 2007இல் எடின்பரோவில் ஆட்சியமைத்தது. 2011இல் 129 ஆசனங்களில் 69ஐப் பெற்று அறுதிப் பெரும்பான்மையும் அடைந்தது. அக்கட்சியின் அங்கத்தவர்கள் முடிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்து வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்திலும் அமர்ந்தனர். வானம் இடிந்து வீழ்ந்துவிடவில்லை. 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி இரு அரசாங்கங்களும் எடின்பரோவில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2014ஆம் ஆண்டு செப்டெம்பர் 18ஆம் திகதி சர்வசன வாக்கெடுப்பு நடைபெற்றது. வாக்காளரில் நூற்றுக்கு 84.6 பேர் வாக்களித்தனர். பிரிய வேண்டுமென்றோர் நூற்றுக்கு 44.7, வேண்டாமென்றோர் 55.3. ஐக்கியம் நிலைத்தது.

எனினும் கேள்வி நிலைத்தே இருக்கின்றது. ஆகவே அதனை ஆராய்வோம்.

முதலில் சட்டம். 1707ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி, இங்கிலாந்தின் பாராளுமன்றமும் ஸ்கொத்லாந்தின் பாராளுமன்றமும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி பெரிய பிரித்தானியா என்னும் அரசு தோன்றியது. முடிகள் இரண்டும் 1603ஆம் ஆண்டிலேயே ஒருவர் தலையில் இணைந்துவிட்டன. 1707இல் இணைந்தவை பாராளுமன்றங்கள். ஸ்கொத்லாந்தின் நீதிமன்றங்களும், தனிச் சட்டமும், திருச்சபையும் உடன்படிக்கையினாற் காக்கப்பட்டன. இரு தரப்பார் கூடிச் செய்த கூட்டு ஒப்பந்தத்திலிருந்து ஒரு தரப்பு விலகினால், கூட்டே கலைந்து இருவரும் புதியவர்களாவர் என்று சாதாரண மனிதன் எண்ணுவது இயல்பு. ஸ்கொத்லாந்துத் தேசியவாதிகளிற் பலர் வாதிட்டதும் அவ்வாறே.

சர்வதேச சட்டம் அவ்வாறு பார்ப்பதில்லை. 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில் பேராசிரியர்கள் ஜேம்ஸ் குறோபோட், அலன் பொயில் ஆகிய இருவரும் பிரித்தானிய அரசாங்கத்துக்கு அளித்த சட்ட அபிப்பிராயம், எஞ்சும் இராச்சியமே பழைய அரசின் தொடர்ச்சி என்றும், ஸ்கொத்லாந்து புதிய அரசாகவே பிறக்கும் என்றும் கூறிற்று. 1707இல் ஸ்கொத்லாந்து என்னும் அரசு சர்வதேச சட்டத்தின் கண்ணில் அற்றுப்போயிற்று என்றும் அவ்வபிப்பிராயம் சொல்லிற்று. அந்த வாசகம் எடின்பரோவிற் பலருடைய நெஞ்சைச் சுட்டது. சுட்டாலும், முன்னுதாரணங்கள் அதன் பக்கமே பெரிதும் நிற்கின்றன. 1947இல் பாகிஸ்தான் புதிய அங்கத்தவராக ஐக்கிய நாடுகள் சபையிற் சேர்ந்தது. இந்தியா பழைய ஆசனத்திலேயே இருந்தது. 1965இல் சிங்கப்பூர் நீங்கியது. மலேசியா அதே மலேசியாவாகவே நின்றது. 1991இல் சோவியத் யூனியனின் பாதுகாப்புச் சபை ஆசனத்தில் ரஷ்யா அமர்ந்தது. மறுபுறத்தில், யூகோசிலாவியாவின் தொடர்ச்சி தாமே என்று சேர்பியாவும் மொன்ரெநீக்ரோவும் 1992இல் கூறியதை உலகம் ஏற்கவில்லை. 2000ஆம் ஆண்டிலே அந்நாடு புதிய அங்கத்தவராக விண்ணப்பித்தே உட்புக நேர்ந்தது. செக்கோசிலவாக்கியா 1993இல் இரண்டாகிய போது இருவருமே தொடர்ச்சி கோரவில்லை. இருவரும் புதியவர்களாகவே நுழைந்தனர்.

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றில் ஜனத்தொகையின் பன்னிரண்டில் பதினொரு பங்கு இருக்கும்; தலைநகரும், கருவூலமும், பாராளுமன்றமும் அங்கேயே இருக்கும். ஆகவே ஆசனம் போய்விடும், பெயர் போய்விடும் என்பன மிகைப்பட்ட அச்சங்கள். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 23ஆம் உறுப்புரையில் இன்றும் சோவியத் சோசலிசக் குடியரசுகளின் ஒன்றியம் என்றே அச்சிடப்பட்டிருக்கின்றது. அப்பெயருடைய அரசு இல்லாது போய் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒருவரும் அதைத் திருத்தவில்லை. கொடியின் கதையும் அதுவே. அயர்லாந்தின் பெரும்பகுதி 1922இல் நீங்கியது. புனித பற்றிக்கின் செஞ்சிலுவை இன்றும் பிரித்தானியக் கொடியில் இருக்கின்றது. இராச்சியத்தின் பெயரை மாற்றுவதற்கே அவர்களுக்கு 1927ஆம் ஆண்டு வரை சென்றது.

சட்டத்தின் வெளித்தோற்றம் இவ்வளவே. உள்ளே நிகழ்வது வேறு.

இங்குள்ள விவசாயப் பெருமக்களுக்கு நான் பிரிவிடல் வழக்கைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பிரிக்கப்படாத காணியில் நால்வர் பங்காளிகள். ஒருவர் தம் பங்கைப் பிரித்துக்கொண்டு வேலியடைத்துவிட்டார். அவருக்குப் பிரச்சினை தீர்ந்தது. எஞ்சிய மூவருக்கும் அன்றுதான் பிரச்சினை தொடங்குகின்றது. பங்குக் கிணற்றில் யாருக்கு எந்த முறை? பாதை யாருடையது? நால்வராயிருந்தபோது ஒருவரையொருவர் தாங்கி நின்ற கணக்கு மூவரானதும் நிற்பதில்லை. அதிலும் மூவரில் ஒருவருக்கே பெரும்பங்கு என்றால், மற்ற இருவரும் பங்காளிகளா, குடியிருப்பவர்களா என்ற ஐயம் பிறக்கும்.

கணக்கைப் பாருங்கள். 2024ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் வெஸ்ட்மின்ஸ்டரின் 650 ஆசனங்களில் இங்கிலாந்துக்கு 543, ஸ்கொத்லாந்துக்கு 57, வேல்சுக்கு 32, வட அயர்லாந்துக்கு 18. ஸ்கொத்லாந்தை நீக்கினால் 593 ஆசனங்களில் 543 இங்கிலாந்தினுடையவை. அதாவது நூற்றுக்கு 91க்கும் மேல். இன்று ஸ்கொத்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றும் கூடினால் 107 குரல்கள். பின்னர் 50 குரல்களே.

இதனைக் கண்டு, இங்கிலாந்தில் என்றென்றும் கொன்சவேட்டிவ் ஆட்சியே நடக்கும், தொழிற் கட்சி இனித் தலைதூக்காது என்று கூறுவாருளர். அது சரித்திரத்தைப் படியாதவர் கூற்று. 1945, 1966, 1997, 2001, 2005, 2024 ஆகிய தேர்தல்களில் ஸ்கொத்லாந்தின் ஆசனங்களைக் கழித்தாலும் தொழிற் கட்சி பெரும்பான்மை பெற்றே இருக்கும். பாதிப்பு நேர்வது நெருங்கிய போட்டிகளில். 1964இல் நான்கே ஆசனப் பெரும்பான்மையோடு ஹரோல்ட் வில்சன் அமைத்த அரசாங்கம் ஸ்கொத்லாந்து இல்லையேல் அமைந்திராது. 1974ஆம் ஆண்டு பெப்ரவரித் தேர்தலிலும் முடிவு மாறியிருக்கும். 2010இலும் 2017இலும் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாத பாராளுமன்றங்கள் தோன்றினவே. ஸ்கொத்லாந்து இல்லாதிருந்தால் இரு முறையும் கொன்சவேட்டிவ் கட்சி எவர் துணையுமின்றி ஆண்டிருக்கும். கட்சிகளின் வாழ்வு சாவு இதில் இல்லை. ஆளுங்கட்சி சிறிய தேசங்களின் வாசலில் நின்று ஆதரவு கேட்க வேண்டிய சந்தர்ப்பங்கள் குறைந்துபோகும் என்பதே இதன் பொருள்.

அயர்லாந்தின் சரித்திரம் இதற்குச் சான்று. 1910ஆம் ஆண்டின் இரு தேர்தல்களிலும் லிபரல் கட்சியும் கொன்சவேட்டிவ் கட்சியும் ஏறக்குறைய சமபலம் பெற்றன. தராசின் முள்ளாக நின்றது அயர்லாந்துக் கட்சி. அதனாலேயே பிரபுக்கள் சபையின் தடையதிகாரம் 1911இல் ஒடிக்கப்பட்டது. அயர்லாந்து சென்ற பின், 105ஆக இருந்த அத்தீவின் ஆசனங்கள் வட அயர்லாந்தின் 13ஆகச் சுருங்கின. அதன் பின் அரை நூற்றாண்டு காலம், பெல்பாஸ்டில் சிறுபான்மையினர் எவ்வாறு ஆளப்பட்டனர் என்று வெஸ்ட்மின்ஸ்டர் கேட்டதேயில்லை. கேட்பதற்கு அங்கே போதிய குரல் இருக்கவில்லை. 1960களின் இறுதியில் தெருக்களில் நெருப்பு மூண்ட பின்னரே கேட்டது. எஞ்சிய ஐக்கியத்திற் சிறியவர்களுக்கு நேரக்கூடியது இது.

பிரிவின் விதமும் எஞ்சியவரைப் பாதிக்கும் என்பதற்கும் அயர்லாந்தே பாடம். 1921ஆம் ஆண்டு டிசெம்பர் உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புரை, இராச்சியத்தின் பொதுக்கடனில் நியாயமான பங்கை அயர்லாந்து ஏற்க வேண்டுமென்றது. அப்பங்கு எவ்வளவு என்பது தீர்க்கப்படவேயில்லை. 1925இல் எல்லைக் கமிஷனின் வேலை குழம்பியபோது, எல்லை இருந்தபடியே இருக்கட்டும், கடனை நாங்கள் விட்டுவிடுகிறோம் என்று இலண்டன் இணங்கியது. கடனைக் கொடுத்து எல்லையை வாங்கினர் எனலாம். ஆனால், நிலமீட்புத் தவணைப்பணம் வேறாக நின்றது. நிலப்பிரபுக்களிடமிருந்து நிலத்தை வாங்குவதற்காக அயர்லாந்து விவசாயிகள் பெற்ற கடனின் வருடாந்தத் தவணை அது. 1932இல் டி வலெரா அதனை இலண்டனுக்கு அனுப்ப மறுத்தார். இலண்டன் அயர்லாந்தின் கால்நடைகள் மீது தீர்வை விதித்தது. அயர்லாந்து பதிலுக்குப் பிரித்தானியப் பொருள்கள் மீது தீர்வை விதித்தது. விற்க வழியற்ற கன்றுகளைக் கொன்று தோலுக்குச் சன்மானம் பெறும் நிலைக்கு விவசாயி வந்தான். வெங்காயமும் மிளகாயும் விலையின்றிக் கிடக்கும் வேதனையை அறிந்த நமக்கு இது எத்தகைய துயரமென்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் நான் வற்புறுத்த விரும்புவது, துயரம் ஒரு கரையோடு நின்றுவிடவில்லை என்பதையே. அயர்லாந்துச் சந்தையை இழந்ததால் பிரித்தானிய நிலக்கரித் தொழிலும் நலிந்தது. 1935இல் நிலக்கரிக்குக் கால்நடை என்று பண்டமாற்றுப் போன்ற ஓர் ஏற்பாட்டுக்கு இரு அரசாங்கங்களும் இறங்கி வந்தன. 1938இல் ஒரு கோடி பவுணோடு கணக்குத் தீர்ந்தது. பிரித்தானியக் கடற்படை தன் கையில் வைத்திருந்த மூன்று துறைமுகங்களும் அவ்வாண்டே அயர்லாந்திடம் மீண்டன. ஆறாண்டுகள் இரு நாட்டு உழைப்பாளரும் பட்ட நட்டத்துக்கு, தீர்க்காமல் விட்ட ஒரு கணக்கே காரணம்.

அந்தத் துறைமுகங்களின் கதை ஸ்கொத்லாந்தில் மீண்டும் எழும். பிரித்தானியாவின் அணுவாயுதம் முழுவதும் நான்கு நீர்மூழ்கிக் கப்பல்களில் உள்ளது. அவற்றின் தளம் பாஸ்லேன். ஏவுகணைத் தலைகளின் கிடங்கு அதற்கு அண்மையிலுள்ள கூல்போட். இரண்டும் ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரையில், கிளாஸ்கோவுக்கு அப்பால் உள்ளன. ஸ்கொத்லாந்துத் தேசியக் கட்சியோ அணுவாயுதத்தை அகற்றுவதாக வாக்களித்த கட்சி. எஞ்சும் இராச்சியம் தன் வல்லரசுத் தகுதிக்கு ஆதாரமென எண்ணும் ஆயுதத்தை அந்நியர் கரையில் வைத்துக்கொண்டு குத்தகை பேச வேண்டும். அல்லது புதிய தளமொன்றை அமைக்கப் பல ஆண்டுகளையும் பெரும்பணத்தையும் செலவிட வேண்டும். கடனைப் பொறுத்தமட்டில் இலண்டன் முன்னைய பாடத்தைக் கற்றுக்கொண்டது போலும். வாக்கெடுப்புக்கு எட்டு மாதங்கள் முன்னர், 2014ஆம் ஆண்டு ஜனவரியிலேயே, பிரியும் நாள் வரை பெற்ற கடன் அனைத்துக்கும் கடன் கொடுத்தோரிடம் தானே பொறுப்பு என்று கருவூலம் அறிவித்தது. ஸ்கொத்லாந்தின் பங்கைப் பின்னர் இரு அரசாங்கங்களும் தமக்குள் பேசித் தீர்க்கலாம் என்பது ஏற்பாடு. அறிவுள்ள செயல்.

பகையின்றிப் பிரிந்தவரும் உளர். 1905இல் நோர்வே சுவீடனை விட்டு நீங்கியது. நோர்வே மக்கள் 368,208 பேர் பிரிவுக்கு ஆதரவாகவும் 184 பேரே எதிராகவும் வாக்களித்தனர். போர் மூளும் என்று அஞ்சினர். இரு படைகளும் எல்லைக்கு நகர்ந்தன. ஆயினும் கார்ல்ஸ்ராட் நகரில் இருந்து பேசி, எல்லைக் கோட்டைகளை இடித்து, நடுநிலை வலயம் வகுத்து, அவ்வாண்டுக்குள்ளேயே முடித்துக்கொண்டனர். சுவீடன் சிறுமைப்பட்டதா? சில ஆண்டுகளுக்குள் அது ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமையை விரித்து, தன் வீட்டைத் திருத்தும் வேலையிலே இறங்கியது. பிறரைக் கட்டிவைக்கும் கவலை நீங்கிய அரசுக்குத் தன்னைப் பார்க்க நேரம் கிடைக்கின்றது.

பிரித்தானியாவிலும் அவ்வாறு தன்னைப் பார்க்கும் வேலை, பிரிவு நிகழாமலே தொடங்கிவிட்டது. 2014 வாக்கெடுப்பின் இறுதி நாள்களில் தோல்விக்கு அஞ்சிய மூன்று பெருங் கட்சித் தலைவர்களும் ஸ்கொத்லாந்துக்கு மேலதிக அதிகாரம் தருவதாகக் கையொப்பமிட்டு வாக்களித்தனர். அதன் பயனாக 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் நிரந்தரமானது என்றும், ஸ்கொத்லாந்து மக்களின் வாக்கெடுப்பின்றி அதனை ஒழிக்கலாகாது என்றும் எழுதிற்று. வேல்சுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதையே எழுதிற்று. வேல்ஸ் பிரிவினைக்கென எந்த வாக்கெடுப்பையும் நடத்தவில்லை. அண்டை வீட்டார் எழுந்து நின்றதனாலேயே அதற்கு அது கிடைத்தது! முன்னரும் இப்படித்தான். அயர்லாந்து 1949இல் குடியரசாகிப் பொதுநலவாயத்தை விட்டு நீங்கியபோது, வட அயர்லாந்தின் பாராளுமன்றம் இணங்காமல் அப்பிரதேசம் இராச்சியத்தை விட்டு நீங்காது என்று வெஸ்ட்மின்ஸ்டர் சட்டமியற்றியது. 1973இல் அது மக்களின் சம்மதம் என்று மாறியது. 1998ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளி உடன்படிக்கையில், பெரும்பான்மையினர் விரும்பினால் நீங்கலாம் என்ற உரிமையாகவே அது மலர்ந்தது.

ஒருவர் நீங்கும்போது, எஞ்சியவர் எந்த நிபந்தனையின் மேல் தங்கியிருக்கின்றனர் என்பதை ஐக்கியம் எழுத்திற் சொல்ல வேண்டிய கட்டாயம் பிறக்கின்றது. ஸ்கொத்லாந்து நீங்கினால் எஞ்சிய இராச்சியத்துக்கு நேரக்கூடிய மாற்றங்களுள் மிகப் பெரியது இதுவேயென்பது என் துணிபு. எழுதப்படாத அரசியலமைப்பைப் பெருமையாகப் பேசிய நாடு எழுத உட்கார வேண்டும். எழுதியது நிற்குமா என்பது வேறு கேள்வி. வெஸ்ட்மின்ஸ்டர் இன்று எழுதியதை நாளை அழிக்கலாம் என்பதே அங்குள்ள வேதவாக்கு. 1953இல் மக்கோர்மிக் என்பார் தொடுத்த வழக்கில், எல்லையற்ற பாராளுமன்ற இறைமை இங்கிலாந்துக்கே உரிய கொள்கை, ஸ்கொத்லாந்துச் சட்டத்தில் அதற்கு இணையில்லை என்று எடின்பரோ நீதிமன்றத்திற் கூப்பர் பிரபு கூறினார். கூறிய அளவில் அது நின்றுவிட்டது, வழக்குத் தள்ளுபடியாயிற்று. நமக்கு இதில் ஓர் உறவுண்டு. இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க என்னும் இலங்கை வழக்கில் 1964இல் தீர்ப்பளித்த இலண்டன் பிரிவி கவுன்சில், சோல்பரி அரசியலமைப்பின் 29(2)ஆம் பிரிவு சிறுபான்மையினர் நம்பி ஏற்றுக்கொண்ட மாற்றலாகாத ஏற்பாடு என்னும் கருத்தை வெளியிட்டது. இலங்கைப் பாராளுமன்றத்தைப் பிறர் எழுத்துக் கட்டும் என்று கண்ட அதே ஊரில், தம் சொந்தப் பாராளுமன்றத்தை எவ்வெழுத்தும் கட்டாது என்கின்றனர். 1972இல் நமது அந்தப் பிரிவுக்கு நேர்ந்த கதியை நீங்கள் அறிவீர்கள்.

ஆகவே வேல்சும் வட அயர்லாந்தும் வெறும் வாக்குறுதியோடு அமைதியடையா. வட அயர்லாந்தின் நிலை இன்னும் சிக்கலானது. அங்குள்ள புரட்டஸ்தாந்து மக்களிற் பெரும்பாலோரின் முன்னோர் பதினேழாம் நூற்றாண்டில் ஸ்கொத்லாந்திலிருந்து குடியேறியவர்கள். இரு கரைகளுக்கும் இடைப்பட்ட கடல், மிகக் குறுகிய இடத்தில் ஏறக்குறைய 20 கிலோமீற்றரே. அவர்கள் ஐக்கியம் என்று சொல்லும்போது நெஞ்சில் நினைப்பது இலண்டனை அன்று. ஸ்கொத்லாந்து போனபின் அவர்கள் எதனோடு ஐக்கியப்பட்டிருப்பர்? 2016ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க விரும்பியோர் ஸ்கொத்லாந்தில் நூற்றுக்கு 62. வட அயர்லாந்தில் ஏறக்குறைய 56. இருவர் விருப்பத்துக்கும் மாறாக இராச்சியம் 2020இல் வெளியேறியது. தனி ஸ்கொத்லாந்து ஐரோப்பாவிற் சேர்ந்தால், இங்கிலாந்தின் வடக்கே 154 கிலோமீற்றர் நீளமான ஐரோப்பிய எல்லை தோன்றும். பண்ட விதிகளில் ஏற்கெனவே ஐரோப்பாவோடு ஒட்டி நிற்கும் வட அயர்லாந்து, பொருள் வணிகத்தில் இலண்டனிலும் எடின்பரோவுக்கே அணித்தாகிவிடும்.

இனி இங்கிலாந்து. இவ்வளவு பேசியும் அதனை மறந்துவிடுவது எளிது, அங்குள்ளோரே மறந்துவிட்டனர். நான்கு தேசங்களிலும் தனக்கென ஒரு பாராளுமன்றம் இல்லாதது இங்கிலாந்து மட்டுமே. இராச்சியம் என்பதும் தாம் என்பதும் ஒன்றே என்ற நினைவில் அவர்கள் வளர்ந்துவிட்டனர். 2014 வாக்கெடுப்பின் மறுநாட் காலையிலேயே பிரதமர் டேவிட் கமரன், இங்கிலாந்தின் சட்டங்களுக்கு இங்கிலாந்து அங்கத்தவரின் வாக்கு என்றார். 2015இல் அதற்கொரு நிலையியற் கட்டளை வந்தது. 2021இல் அது நீக்கப்பட்டது. ஸ்கொத்லாந்து போய்விட்டால், பிறரைப் பார்த்துத் தம்மைப் பிரித்தானியர் என்றழைத்த மக்கள் தம்மை யாரென அழைப்பது என்று முதன்முறையாகக் கேட்டுக்கொள்ள நேரும்.

பெரியோர்களே, இக்கேள்விகளை முற்கூட்டியே பேசித் தீர்ப்பதற்கு ஒரு வழி சட்டத்தில் இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி பிரித்தானிய உயர் நீதிமன்றம், வெஸ்ட்மின்ஸ்டரின் இணக்கமின்றி ஸ்கொத்லாந்துப் பாராளுமன்றம் வாக்கெடுப்புக்குச் சட்டமியற்ற முடியாதென ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. எப்போது இணக்கம் தரவேண்டும், எத்தனை ஆண்டுக்கொருமுறை தரவேண்டும் என்பதற்கு விதியில்லை. வட அயர்லாந்துக்கோ விதியுண்டு: பெரும்பான்மையினர் நீங்க விரும்புவர் எனத் தோன்றினால் அமைச்சர் வாக்கெடுப்பை நடத்தியே ஆகவேண்டும்; ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் ஏழாண்டுகள் செல்லவேண்டும். முப்பது ஆண்டுகள் குண்டு வெடித்த பிரதேசத்துக்கு அவ்வுரிமையை எழுதிக் கொடுத்தவர்கள், வாக்குச்சீட்டைத் தவிர வேறெதையும் கையிலெடுக்காத ஸ்கொத்லாந்துக்கு அதனை இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.